கண்டு, ஓர் இடைவெளி, பிடிப்பவர்

‘கண்டு’ என்ற சொல்லுக்கும் ‘பிடிப்பவர்’ என்ற சொல்லுக்கும் நடுவே ஓர் எழுத்து அகலத்துக்கு இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில்தான் முட்டைக்கண்ணியின் இரண்டு பற்கள் விழுந்தன.

அவளுடைய உரிமத்தைத் தட்டச்சு செய்த வாரியத்து ஆளைக் குறை சொல்ல முடியாது. அவருடைய பெயர்நிலை ‘தட்டச்சர், நிலை இரண்டு’. எழுத்துகளை அடிப்பது அவர் வேலை. இடைவெளிகளைக் கவனிப்பது நிலை ஒன்றின் வேலை. நிலை ஒன்றில் இருந்தவரை, அறைக்கதவில் யார் பெயர் மேலே வருவது என்ற விவாதத்தின்போது யாரோ மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள். அவர் இடுப்பெலும்பு முறிந்து விடுப்பில் இருந்தார். வாரியத்தில் விடுப்பு எடுக்க அதுதான் வழக்கமான காரணம்.

முட்டைக்கண்ணி நான்கு வருடமாகத் தனியார் துப்பறியும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஏழு பேர் கொண்ட நிறுவனம். அதில் ஆறு பேர் இயக்குநர்கள். வெயிலில் போய் நிற்கிற ஏழாவது ஆள் அவள். இத்தனை நாளும் யாராவது என்ன வேலை என்று கேட்டால் “துப்பறியிறேன்” என்பாள். கேட்டவர் சிரிப்பார். அத்தோடு முடிந்தது. இந்த வருடம் துப்பறிவோர் பெயர்நிலை மற்றும் உரிம வாரியம் வந்தது. துப்பறிகிற ஒவ்வொருவரும் நாற்பத்தொரு பெயர்நிலைகளில் ஒன்றாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் சிறை என்று அறிவித்தது. அவள் ‘கண்டுபிடிப்பவர், நிலை மூன்று’ என்று விண்ணப்பித்தாள். ‘கண்டு பிடிப்பவர், நிலை மூன்று’ என்று தபாலில் வந்தது.

வேறு சமயமாக இருந்தால் அதை அலமாரியில் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு இருந்திருப்பாள். ஆனால் அந்தத் திங்கட்கிழமைதான் அவள் இஸ்திரிக்காரம்மாவின் மகளைக் கண்டுபிடித்திருந்தாள்.

மகளைக் காணோம் என்று இஸ்திரிக்காரம்மா இரண்டு மாதத்துக்கு முன்பே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு, “எவனோடயோ ஓடிட்டா அத்தை” என்று சொல்லியிருந்தான். முட்டைக்கண்ணி ஓடியவளைத் தேடவில்லை. அழுத மாப்பிள்ளையின் பின்னால் போனாள். மூன்று வாரம் போனாள். டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், இரண்டு பூட்டுப் போட்ட ஒரு கதவுக்குள் அவன் தினமும் நுழைந்தான். பக்கத்துக் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி, காற்றுப்போக்கி வழியாகப் பார்த்தாள்.

அந்தப் பெண் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தலைமுடியைக் கத்திரியால் கண்டபடி வெட்டியிருந்தது. இடது கையில் மூன்று விரல்களைத் துணி கிழித்து ஒரு கரண்டிக் காம்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள், அவளே கட்டியிருக்க வேண்டும், பல்லால் முடிச்சு இழுத்த கட்டு. அவன் உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உடற்பயிற்சி செய்கிறவனைப் போல எண்ணிக்கொண்டே அடித்தான். பன்னிரண்டு வரை எண்ணினான். பிறகு கை கழுவினான்.

முட்டைக்கண்ணி தொட்டியிலிருந்து இறங்கிய வேகத்தில் முழங்கைத் தோல் உரிந்தது. நேரே காவல் நிலையத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர் கோப்பைப் புரட்டினார்.

“காணாமல் போனவர்னு பதிவாகியிருக்கும்மா. காணாமல் போனவரை, கண்டுபிடிப்பவர் கண்டுபிடிச்சு, அறிக்கை குடுத்தா, அரை மணி நேரத்துல கதவை உடைச்சிடலாம். உன் உரிமத்தைக் காட்டு.”

காட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நடுவுல இடம் இருக்கே?”

“அச்சுப்பிழை சார். உள்ளே ஒருத்திய அடிச்சே கொன்னுக்கிட்டு இருக்கான் சார்!”

“இருக்கலாம். முதல்ல இடத்தை மூடிட்டு வா.”

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த மூன்று வாரத்தில் மாப்பிள்ளை வேலைக்குப் போகும் இடத்தையும் அவள் பார்த்திருந்தாள். அவன் அந்த வாரியத்தில்தான், மூன்றாம் மாடியில், வேலை செய்தான்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வாரியத்தின் படியேறினாள். முகப்பில் ‘இங்கே துப்பாதீர்கள்’ என்று பலகை இருந்தது. துப்பறிவோர் வாரியத்தில் இப்படி ஒரு பலகையா என்று சிரிப்பு வந்தது. பலகைக்குக் கீழே சுவரில் சிவப்பாகத் தெறித்திருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தாள். ரத்தம்தான். சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

மூன்றாம் எண் ஜன்னலில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி, நெற்றியில் தையல்.

“மேடம், நடுவுல ஒரு இடம் விழுந்துருச்சு. சேர்த்துக் குடுத்தாப் போதும்.”

“எதை எதோட சேர்க்கணும்?”

“கண்டுவையும் பிடிப்பவரையும்.”

“ரெண்டும் வேற வேற பிரிவும்மா. கண்டு நாலாம் மாடி, பிடி மூணாம் மாடி. சேர்க்கிறதுக்கு மாடியையா இடிக்க முடியும்?”

“மேடம், நான் பிடிக்கிறவளே இல்ல. கண்டுபிடிக்கிறவ.”

“அப்படித்தான் எல்லாரும் சொல்றீங்க. உரிமத்துல என்ன இருக்கோ அதுதான் நீ. இப்ப நீ முதல்ல காணணும், அப்புறம் பிடிக்கணும். காணுறதுக்கு ஒரு தேர்வு, பிடிக்கிறதுக்கு ஒரு தேர்வு. ரெண்டுலயும் தேறினா, அப்புறம் இடத்தை எடுக்கச் சொல்லி விண்ணப்பம் போடலாம்.” அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். “பிடித் தேர்வுக்கு வர்றப்ப கம்மல் போடாதே. காதோட போயிரும்.”

படிவத்தில் ஐம்பத்தாறு கேள்விகள். முப்பத்து மூன்றாவது: ‘இதற்கு முன் உங்களை அடித்தவர்களின் பெயர்நிலை யாது?’ சின்ன வயதில் அப்பா அடித்திருக்கிறார். ‘அப்பா’ என்று எழுதினாள். ஜன்னல் அம்மாள் அதை அடித்துவிட்டு ‘அங்கீகாரம் அற்றவர்’ என்று திருத்தினார்.

படிவத்தோடு அவளைப் பெயர்நிலை அலுவலரிடம் அனுப்பினார்கள். அந்த அறையில் இரண்டு மேசைகள், இரண்டு மனிதர்கள். ஒருவர் கூடுதல் பெயர்நிலை அலுவலர். மற்றவர் இணைப் பெயர்நிலை அலுவலர். இருவரில் பெரியவர் யார் என்று சட்டத்தில் சொல்லவில்லை.

“உட்காரும்மா,” என்றார் கூடுதல்.

“உட்காரச் சொல்றது என் அதிகாரம்,” என்றார் இணை.

முட்டைக்கண்ணி பாதி உட்கார்ந்த நிலையில் நின்றாள்.

“இந்தத் தொழில் ஏன் சீரழிஞ்சு கிடந்துச்சு தெரியுமா?” கூடுதல் படிவத்தைப் பார்த்தபடியே பேசினார். “யார் வேணும்னாலும் யாரை வேணும்னாலும் கண்டுபிடிச்சாங்க. தொலைஞ்ச பிள்ளைய ஒரு பூக்காரி கண்டுபிடிச்சா. கொலைகாரனை ஒரு தபால்காரர் கண்டுபிடிச்சார். கண்டுபிடிச்சாங்க, சரி. ஆனா என்ன தகுதியில? நாங்க வந்த பிறகு தப்பாக் கண்டுபிடிக்கிறது அடியோட நின்னு போச்சு.”

“சரியாக் கண்டுபிடிக்கிறது சார்?”

“அதுவும் நின்னிருக்கு. ஒழுங்குன்னு வந்தா எல்லாத்துக்கும் பொதுவாத்தானே வரும்?”

“பொதுவான ஒழுங்கு பத்திப் பேசறது இணையோட பொறுப்பு,” என்ற இணை, மேசையிலிருந்த காகிதம் துளையிடும் கருவியை எடுத்துக் கூடுதலின் பொட்டில் அடித்தார். கூடுதல் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். சாய்ந்தபடியே காலால் மேசையை உதைத்தார். மேசை விளிம்பு இணையின் வயிற்றில் இறங்கியது. இருவரும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்கள். பிறகு கூடுதல் எழுந்து, நெற்றி ரத்தத்தைக் கட்டைவிரலில் தொட்டு, படிவத்தில் ஒற்றி முத்திரையிட்டார். இணையும் தன் உதட்டிலிருந்து ஒற்றினார். படிவத்தில் அதற்கென்றே இரண்டு கட்டங்கள் இருந்ததை முட்டைக்கண்ணி அப்போதுதான் கவனித்தாள்.

“பிடித் தேர்வு வியாழக்கிழமை பதினோரு மணி,” என்றார் கூடுதல். “காண் தேர்வு வெள்ளிக்கிழமை.”

வியாழன் வரை இரண்டு நாள். நாளைக்குப் பன்னிரண்டு அடி என்றால் இருபத்து நான்கு. அவள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று தலைவர் அறைக்கே போய்விட்டாள். அவனுடைய பேரைச் சொன்னால் செய்தி அவன் காதுக்குப் போய்விடும். சுற்றி வளைத்துக் கேட்டாள்.

“சார், ஒரு பேச்சுக்கு. வாரியத்து ஆள் ஒருத்தரே பொண்டாட்டிய ஒரு அறையில பூட்டி வெச்சு, கையை உடைச்சு, தினமும் அடிக்கிறார்னு வெச்சுக்குவோம். அதை ஒருத்தி பார்த்துட்டா. என்ன செய்யலாம்?”

தலைவர் மென்மையான மனிதர். அவருடைய மேசையில் கூரான பொருள் எதுவும் இல்லை. அந்த அறையில் மட்டும் யாரும் யாரையும் அடித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார்.

“நல்ல கேள்வி. பார்த்தவளுக்குக் காணுரிமம் இருக்கா?”

“இன்னும் இல்ல சார்.”

“அப்ப அவ பார்க்கல. பார்க்காத ஒண்ணு நடந்ததா நான் எப்படி எடுத்துக்கிறது? அடுத்து, அந்த அலுவலர் எந்தப் பிரிவு?”

“பிடின்னு வெச்சுக்குங்க.”

தலைவர் முகம் மலர்ந்தது. “பிடிப் பிரிவுல இருக்கவங்க ரொம்ப அர்ப்பணிப்பு உள்ளவங்கம்மா. ஆபீஸ் நேரம் முடிஞ்சதும் கையை மடக்கிக்கிட்டு உட்கார மாட்டாங்க. வேலையை வீட்டுக்கும் எடுத்துட்டுப் போவாங்க. நீ சொல்ற அந்த ஆள், நிஜமாவே இருந்தா, ஒரு மனுஷிய ரெண்டு மாசம் விடாமப் பிடிச்சு வெச்சிருக்கார்னா, அது இந்த வாரியத்தோட தரத்துக்கு அத்தாட்சி. பாராட்டுக் கடிதம் குடுக்கணும். அந்தப் பொண்ணுக்கு வலிக்கும்தான். எனக்கும் ரெண்டு மகள்கள். வலிய நான் புரிஞ்சுக்கிறேன். ஆனா வலிக்குதுன்னு சொல்ல வேண்டியவர் ‘பாதிக்கப்பட்டவர், நிலை ஒன்று’. அந்தப் பெயர்நிலைய நாங்க இன்னும் உருவாக்கல.”

“நான் ரெண்டு மாசம்னே சொல்லலியே சார்.”

தலைவர் அவளைப் பார்த்தார். அவரும் வாய்க்குள் ஏதோ எண்ணுவது போலத் தெரிந்தது.

“நீ சொன்னதை நான் கேட்கவும் இல்லை,” என்றார் கனிவாக. “கேட்பவர் பதவி வேற. வியாழக்கிழமை நல்லாப் பண்ணு.”

வெளியே வந்தாள். மூன்றாம் மாடி அறிவிப்புப் பலகை முன்னால் நின்று, தேர்வு விதிகளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் இரண்டு தடவை படித்தாள். கீழே குழுப் பட்டியலில் பரிசோதகர் என்ற இடத்தில் மாப்பிள்ளையின் பெயர் இருந்தது, விசில் அலுவலருக்கு நேரே ‘பொறுப்பு’ என்று போட்டிருந்தது. படித்துப் படித்துத்தான் இவ்வளவு தூரம் வந்தவள். எவன் எழுதினாலும் விதியில் எங்காவது ஓட்டை இருக்கும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும்.

இஸ்திரிக்காரம்மா மேசைமேல் ஒரு சட்டைக் கையை நீவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“அவனுக்குப் பரிசோதகர் வேலையா? ஆபீஸ்ல எழுதுற வேலைன்னு சொல்லித்தானேடி கட்டிக் குடுத்தாங்க, பாவிங்க.”

“அம்மா, கேளுங்க. டயர் கடைக்காரன் அவன் ஆளு. யாராவது மாடி ஏறினா அவனுக்குப் போன் போயிரும். ஆபீஸுலேர்ந்து பன்னிரண்டு நிமிஷத்துல அங்க வந்துருவான். ஆனா வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவன் கை என் கையில இருக்கும். நீங்க மேல ஏறுங்க.”

“எவ்வளவு நேரம் பாப்பா?”

“மூணு நிமிஷம்னு போட்டிருக்காங்க.”

“ரெண்டு பூட்டு இருக்குன்னு நீதானே சொன்னே. மூணு நிமிஷத்துல உடையாது கண்ணு.”

“நீங்க உடைங்கம்மா. நிமிஷத்தை நான் பார்த்துக்கிறேன்.”

இஸ்திரிக்காரம்மா பெட்டியைத் தூக்கி எடை பார்த்தாள். ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள், பிறகு தலைக்கு மேல்.

பிடித் தேர்வு நடக்கும் கூடத்தில் நடுவில் ஒரு மெத்தை விரித்திருந்தது. சலவைக்குப் போட்டுப் பல காலம் ஆன மெத்தை. சுற்றிலும் நாற்காலிகளில் தலைவர், கூடுதல், இணை, இன்னும் இருவர். ஜன்னல் அம்மாள் விண்ணப்பதாரரின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கூடுதலின் தலையில் கட்டு. இணை தேநீரை உதட்டின் ஒரு பக்கமாக உறிஞ்சினார். எல்லோரும் நல்ல மனநிலையில் இருந்தார்கள்.

விதி எளிமையானது. பரிசோதகரின் மணிக்கட்டை விண்ணப்பதாரர் பிடிக்க வேண்டும். விசில் ஊதும்வரை விடக் கூடாது. பரிசோதகர் விடுவித்துக்கொள்ள எதையும் செய்யலாம். ‘எதையும்’ என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பில் விளக்கம் இருந்தது: ‘எதையும்’.

பரிசோதகர் வந்தான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். கைபேசி கால்சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது. முட்டைக்கண்ணியை மேலும் கீழும் பார்த்தான்.

“இதுவா? ஊதினாலே பறந்துரும் போலிருக்கே.” வலது கையை நீட்டினான். “பிடி தங்கச்சி.”

பிடித்தாள். இரண்டு கையாலும்.

முதல் அடி காதில் விழுந்தது. உலகம் ஒரு பக்கம் சாய்ந்து, திரும்ப நிமிர்ந்தது. அவன் “ஒண்ணு” என்றான். இரண்டாவது விலாவில். மூன்றாவது வாயில், முதல் பல் அப்போது போனது. தொண்டைக்குள் போகாமல் துப்பினாள். தலைவர் முகம் சுளித்தார். அடிப்பதை அவர் பார்த்துக்கொள்வார். துப்புவது அவருக்குப் பிடிக்காது.

“ஏழு,” என்றான் பரிசோதகர். “விட்டுரு தங்கச்சி. எட்டு மூக்குல.”

எட்டு மூக்கில்தான் விழுந்தது. சொன்ன சொல் தவறாதவன்.

மூன்று நிமிடம் ஆனதும் நாற்காலி வரிசையில் ஒருவர் விசிலை வாயில் வைத்தார். அதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். வாயில் நிறைந்திருந்த ரத்தத்தோடு கத்தினாள்.

“சார்! அவர் பொறுப்பு விசில் அலுவலர்! விதி பதினாலு! பொறுப்பு அலுவலர் விசிலை வெச்சிருக்கலாம், ஊதக் கூடாது!”

விசிலை வாயில் வைத்திருந்தவர் அதை மெதுவாக வெளியே எடுத்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்தார்.

“இதைத்தான் நான் ஆறு மாசமாச் சொல்றேன். ஊதற ஆணை எனக்கு வந்திருக்கு. குடு அதை.”

“ஆணை உனக்கு வந்திருக்கலாம். விசில் எனக்கு வந்திருக்கு.”

“ஊத உரிமம் இல்லாதவனுக்கு வாய் எதுக்குடா?”

“உனக்கு வாய் இருக்கு. பல்லு இருக்கணுமா வேணாமா?”

நாற்காலி பறந்தது. ஆணை வைத்திருந்தவர் விசில் வைத்திருந்தவரின் கழுத்தை நெரித்தார். விசில் வைத்திருந்தவர் விசிலை விழுங்கப் பார்த்தார். கூடுதல் ஆணையின் பக்கம் சேர்ந்தார் என்பதால் இணை விசிலின் பக்கம் சேர்ந்தார். தலைவர் மட்டும் அசையாமல், “விவாதிச்சு முடிவெடுங்க, விவாதிச்சு முடிவெடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தேநீர்க் குவளை அவர் காதுக்குப் பக்கத்தில் சுவரில் மோதி உடைந்தது.

பத்தாவது நிமிடத்தில் பரிசோதகரின் பையில் கைபேசி அடித்தது. இடது கையால் எடுத்தான். டயர் கடைக்காரனின் குரல் முட்டைக்கண்ணிக்கே கேட்டது.

“அண்ணே! ஒரு அம்மா இஸ்திரிப் பெட்டியால உங்க கதவை இடிக்குதுண்ணே! தடுக்கப் போன நம்ம பையன் மண்டை உடைஞ்சு கிடக்கிறான்ணே!”

பரிசோதகர் கைபேசியைப் பார்த்தான். பிறகு தன் மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு அதைப் பிடித்திருந்தவளின் முகத்தை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தான்.

“யாருடி நீ?”

அவளுக்கு வாயில் வேலை இருந்தது. அவனுடைய கட்டைவிரலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவன் எண்ணவில்லை. எண்ணாமல் அடித்தான். அவளை மெத்தையோடு சேர்த்து வாசல் வரை இழுத்தான். அவள் வாசலோரத் தூணில் இரண்டு காலையும் சுற்றிக்கொண்டாள். தோளில் ஏதோ ஒன்று கழன்றது. கதவின் விளிம்பில் அவள் முகத்தை மோதினான், இரண்டாவது பல். ஒரு கண் மூடிக்கொண்டது. இன்னொரு மோதல். அவளுக்கு ஒரே ஒரு நினைப்புதான் இருந்தது: ரெண்டு பூட்டு, ரெண்டு பூட்டு.

“பிரிச்சு விடுங்க சார்! நான் வீட்டுக்குப் போகணும்!” என்று அலறினான்.

தலைவர் கவலையோடு எழுந்தார். “பிரிச்சு விடுறதுக்குத் தனிப் பதவி இருக்குப்பா. விடுவிப்பவர். மூணு வருஷமாக் காலியா இருக்கு. போன தடவை நேர்காணல்ல இருந்த ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர்…” கையால் ஏதோ சைகை காட்டினார். “நீ விசிலுக்கு முன்னாடி வெளிய போனா தோத்ததாப் பதிவாகும். பரிசோதகர் பதவி போயிரும். யோசிச்சுக்கோ.”

அவன் நிஜமாகவே ஒரு கணம் யோசித்தான். அந்த ஒரு கணம் அவளுக்குப் பெரிய உதவியாக இருந்தது. மூச்சு விட்டுக்கொண்டாள்.

நாற்பத்தேழாவது நிமிடம். நாற்காலிகளின் குவியலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜன்னல் அம்மாள் குரல் கொடுத்தார்.

“ஏம்மா, உன் போனு அடிக்குது. ‘இஸ்திரி அம்மா’ன்னு வருது. எடுக்கவா?”

“எடுங்க மேடம்,” என்றாள் முட்டைக்கண்ணி. வாய் வீங்கியிருந்ததால் ‘எழுங்க’ என்று கேட்டது.

அந்த அம்மாள் எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் வைத்துப் பிடித்தார். மூச்சிரைப்பு, வண்டிச் சத்தம், பிறகு: “பாப்பா. பொண்ணு என் மடியில இருக்கா. வண்டியில ஏறிட்டோம். நீ விட்டுரு கண்ணு. விட்டுரு.”

விட நினைத்தாள். விரல்கள் கேட்கவில்லை. ஜன்னல் அம்மாள் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பிரித்து முடித்தபோது பரிசோதகரின் மணிக்கட்டு கையோடு சேராத ஒரு கோணத்தில் தொங்கியது. அவன் ஓடினான். படியில் உருண்ட சத்தம் கேட்டது.

பதிவேட்டில் எழுதினார்கள்: ‘விண்ணப்பதாரர் விசிலுக்கு முன் விட்டார். தோல்வி.’ மறுநாள் காலை அந்தத் தோல்வியைக் காட்டிக் காண் தேர்வுக்குப் போனாள். ஒரு கண் மூடியிருந்ததால் பாதிதான் காண முடியும் என்று சொல்லி அதையும் தள்ளிவைத்தார்கள்.

அதே வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு இஸ்திரிக்காரம்மா மகளோடு தலைவர் அறைக்கு வந்தாள். காவல் நிலையத்தில் புகாரை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். காணாமல் போனவர் எப்படிப் புகார் கொடுக்க முடியும், முதலில் கண்டுபிடிக்கப்பட்டதாக வாரியத்தில் சான்று வாங்கி வாருங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். கூடவே முட்டைக்கண்ணியும் ஒரு காவலரும். அறையில் தட்டச்சரும் ஜன்னல் அம்மாளும் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். மகளின் இடது கைக்கு மாவுக்கட்டு. கண்ணைச் சுற்றி மஞ்சளும் பச்சையுமாக இருந்தது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள். பசித்தவள் தின்பதைப் போலத் தின்றாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு பரிசோதகர் வந்தான். வலது கையைத் துணியால் கழுத்தில் தொங்கக் கட்டியிருந்தது.

“சார், இவங்கதான் என் பொண்டாட்டியத் தூக்கிட்டு வந்தவங்க. அதோ உட்கார்ந்திருக்கா. என்கூட அனுப்புங்க.”

மகள் ரொட்டியைக் கீழே வைத்தாள். முட்டைக்கண்ணி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள், ஆனால் எழுந்து நிற்கிற அளவுக்கு உடம்பு இல்லை.

“யார் உட்கார்ந்திருக்கா?” என்றார் தலைவர்.

“என் பொண்டாட்டி சார்!”

தலைவர் கோப்பைப் பார்த்தார். “உங்க மனைவி காணாமல் போனவர்னு பதிவு. கண்டுபிடிச்சாச்சா? யார் கண்டுபிடிச்சது?”

“நான்தான்யா,” என்றாள் இஸ்திரிக்காரம்மா. “கதவை உடைச்சுத் தூக்கிட்டு வந்தேன்.”

“உங்க பெயர்நிலை?”

“அம்மா.”

தலைவர் நாற்பத்தொரு பெயர்நிலைகளின் பட்டியலை விரித்து, விரல் வைத்துத் தேடினார். “அடையாளம் காட்டுபவர் இருக்கு. அதுக்கடுத்து நேரா அறிபவர். நடுவுல அம்மா இல்லையே.” முட்டைக்கண்ணியிடம் திரும்பினார். “நீங்க?”

“தோத்துட்டேன் சார்.”

“தம்பி, உங்களுக்குக் காணுரிமம் இருக்கா?”

“நான் பிடிப் பிரிவு சார்,” என்றான் பரிசோதகர். “ஆனா கண்ணு முன்னாடி…”

“உரிமம் இல்லாம எப்படிப் பார்த்தீங்க?” தலைவரின் குரல் முதல் தடவையாகக் கடினமானது. “வாரியத்து அலுவலரே இப்படிச் சொன்னா வெளிய என்ன மதிப்பு இருக்கும்? இந்த அறையில இருக்க யாருக்கும் காணுரிமம் இல்லை. ஆக, உங்க மனைவி இன்னும் கண்டுபிடிக்கப்படல. கண்டுபிடிக்கப்படாதவரை உங்ககூட அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. இது சட்டம்.”

“அவ இங்கதான் சார் இருக்கா!”

“எங்கே இருக்காங்கன்னு யாருக்கும் தெரியாது,” என்றார் தலைவர் வருத்தத்தோடு. காவலர் குறித்துக்கொண்டார்.

இதை எல்லோருக்கும் முன்னால் புரிந்துகொண்டவள் மகள். எழுந்தாள். கையிலிருந்த ரொட்டித் தூளைத் தட்டினாள். தலைவரின் மேசையில் அவருடைய பெயர்ப்பலகை இருந்தது. கனத்த பித்தளை, முழ நீளம். பட்டங்கள் மட்டுமே மூன்று வரி. அதை வலது கையில் எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. பரிசோதகரின் முன்னால் போய் நின்று, அவன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறக்கினாள். எலும்பு முறிகிற சத்தம் காவலர்வரை கேட்டது.

அவன் மண்டியிட்டான். “சார்! அவ அடிக்கிறா சார்!”

“யாருப்பா?”

“என் பொண்டாட்டி!”

“காணாமல் போனவங்க எப்படிப்பா அடிப்பாங்க?” தலைவர் தட்டச்சர் பக்கம் திரும்பினார். “எழுதுங்க. ‘பரிசோதகர் தானாக விழுந்தார்.’” பிறகு, விதிப்படி, முட்டைக்கண்ணியிடமும் கேட்டார். “நீங்க ஏதாவது பார்த்தீங்களாம்மா?”

“எனக்குக் காணுரிமம் இல்ல சார்.”

ஜன்னல் அம்மாள் மேசை விளிம்பிலிருந்த தன் தேநீர்க் குவளையை எடுத்துப் பத்திரமான இடத்தில் வைத்தார். இஸ்திரிக்காரம்மா கதவைச் சாத்தினாள்.

“வலிக்குதா?” என்று மகள் அவனிடம் கேட்டாள். அவள் அந்த அறையில் பேசிய முதல் வார்த்தை அது. யாருக்கும் கேட்கவில்லை. அவள் பலகையை இன்னும் கொஞ்சம் வசதியாகப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு” என்றாள்.